காகிதம் சுற்றிய தந்திகள்

அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஹார்ப் வாத்தியத்தில் அறுந்துபோன ஒரு தந்தியை மாற்றிக்கொண்டிருந்தேன். சென்னையில், என் வாடகை வீட்டின் முன்னறை. காலை பத்து மணி இருக்கும். தந்தியின் அடிமுனையில் முடிச்சுப் போட்டுவிட்டு மேல்முனையை முளையில் சுற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மதினி. அண்ணன் மனைவி அந்த நேரத்தில் எனக்குப் போன் செய்கிற வழக்கம் இல்லை.

"உங்கண்ணன் போயிட்டாகம்மா" என்றாள். "கம்பெனியில விபத்து. நீ கெளம்பி வா."

நான் "சரி மதினி" என்றேன். போனை வைத்துவிட்டு மிச்சத் தந்தியையும் சுற்றி முடித்தேன். புதுத் தந்தி உடனே நிலைக்காது. சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப முறுக்க வேண்டும். நாலைந்து தடவை முறுக்கிச் சுருதி சேர்த்தேன். கை கழுவினேன். அதற்குப் பிறகுதான் மதுரைக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மதுரை விமான நிலையத்துக்கு அண்ணனின் சிநேகிதர் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சிவகாசியில் காகித வியாபாரம் செய்கிறவர். பட்டாசுப் பெட்டிக்கான அட்டை, லேபிள் அச்சடிக்கும் தாள் எல்லாம் அவரிடமிருந்துதான் போகும். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள். அண்ணனோடு பள்ளியில் படித்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணன்தான்.

"ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?"

"பசிக்கலண்ணே."

"திருமங்கலத்துல ஒரு காப்பியாவது குடி. அங்கன போயிட்டா தொண்டைக்குள்ள எறங்காது."

குடித்தேன். நன்றாகவே இறங்கியது. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. விருதுநகர் தாண்டினோம். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காலை ஏழு மணிக்கு, கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கிற அறை. உள்ளே ஒரே ஒரு ஆள் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் அவரிடம் ஏதோ சொல்ல வாசல்படிவரை போயிருக்கிறான். என்ன சொல்லப் போனான் என்பது யாருக்கும் தெரியாது. இருவருமே இப்போது உயிரோடு இல்லை. எப்படிப் பற்றியது என்பதும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"பாக்க முடியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"வேணாம்மா" என்றார். "மூடித்தான் குடுத்திருக்காக."

எங்கள் வீடு திருத்தங்கலில். பட்டாசுக் கம்பெனி எம். புதுப்பட்டிப் பக்கம். அப்பா தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனும் மதினியும் மட்டும் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் கல்லூரிக்கென்று சென்னை போனவள், பியானோ படித்து, அப்புறம் உதவித்தொகை கிடைத்து வெளிநாட்டுக்குப் போய் மேற்கத்திய செவ்விசையில் இசையமைப்புப் படித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன்தான் பேசினான்: "போகட்டும்ப்பா. இங்கன இருந்து என்ன செய்யப்போறா? லேபிளா ஒட்டப்போறா?"

படித்த இடத்தில், பயிற்சி அறைகளுக்கு வெளியே நடைபாதையில் ஒரு ஹார்ப் உறை போட்டு நின்றது. அந்த வருடம் அதை வாசிக்க ஆள் இல்லை. பியானோ அறை காலியாவதற்காக நான் காத்திருக்கும் நேரங்களில் அதைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் வருடம் அதுவே என் வாத்தியமாகிவிட்டது. போனில் அண்ணனிடம் சொன்னபோது, "ஹார்ப்புன்னா என்னதும்மா?" என்றான்.

"பாடப்புத்தகத்துல யாழ் படம் பாத்திருக்கேல்ல? அது மாதிரி. ஆனா ஆள் உசரம். நாப்பத்தேழு தந்தி. காலுக்கு ஏழு பெடல்."

"ஆள் உசரமா? அத எதுல ஏத்திக் கொண்டு வருவ?"

என் வாத்தியத்தைப் பற்றி யாரும் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான். நான் ஊர் திரும்பியபோது கடைசியில் அவன்தான் துறைமுகத்துக்கு வந்து, பெட்டியை லாரியில் ஏற்றி, சென்னை வீட்டு மாடிப்படியில் நான்கு பேரை வைத்துத் தூக்கி, அறைக்குள் நிறுத்திவிட்டுப் போனான். அந்த சீசனில் புதிதாக வந்த ஒரு புஸ்வாணப் பெட்டிக்கு ஹார்ப் படம் போட்டு லேபிள் அடித்தான். வடக்கே வியாபாரிகள் அதை மீன் வலை என்று நினைத்தார்களாம். மறுவருடம் மயிலுக்கு மாற்றிவிட்டான்.

சென்னையில் எனக்கு வேலை இருந்தது. சினிமாப் பாட்டுப் பதிவுகளுக்குக் கூப்பிடுவார்கள். கதாநாயகி கண் திறக்கும்போது, கனவு தொடங்கும்போது, தந்திகளை வரிசையாக வருடி ஒரு இழுப்பு வேண்டும். அதற்கு நான். மற்ற நேரத்தில் என் சொந்த இசையை எழுதினேன். அது பெரும்பாலும் வெளிநாட்டில்தான் வாசிக்கப்பட்டது. ஊரில் யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று சொல்லத் தெரியாது. மதினி, "பாட்டு கிளாஸ் மாதிரி" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

காரியங்கள் நடந்தன. வீடு நிறைய ஆட்கள். பெண்கள் கூடத்தில் அழுதார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், செருப்புகளை ஓரமாகத் தள்ளினேன். ஒரு சித்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "அழுதுருத்தா. அழுதுட்டா லேசாப் போகும்" என்றாள். முயன்றேன். முகத்தை அழுகிற மாதிரி வைத்துக்கொண்டுகூடப் பார்த்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. வலிக்கவில்லை. எனக்கு வலிக்கவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் அண்ணனின் போன் கேட்டில் காவலரிடம் இருந்திருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. மதினி அதைத் தினமும் சார்ஜ் போட்டாள். யாரோ ஆர்டர் கேட்டுக் கூப்பிடுவார்கள். எடுத்து, "அவுக இல்லைங்க" என்பாள். கடைக்குப் போயிருக்கிறவரைச் சொல்வது போலவே இருக்கும் குரல்.

பதினாறாம் நாள் முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். மதினி என்னை இருக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "உனக்குச் சென்னையில சோலி இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். நானும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் நான் ஒரு பெரிய படைப்பைப் பாதி எழுதியிருந்தேன். ஐரோப்பாவில் ஒரு சிறிய நகரத்தின் தந்தி வாத்தியக் குழு, ஹார்ப்போடு சேர்ந்து வாசிக்க இருபது நிமிட இசை கேட்டிருந்தது. நான் எந்த ஊர் என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே குதூகலம். வாணவேடிக்கையைப் பற்றி எழுதுங்களேன் என்றார்கள். நானும் யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன். ராக்கெட் மாதிரிக் கீழ்த் தந்தியிலிருந்து மேல்வரை இழுப்பு, உச்சியில் வயலின்கள் சிதறுவது, இப்படி. அண்ணனிடம் போனில் வாசித்துக்கூடக் காட்டினேன். "மேல போயி வெடிக்கிறதுக்கு இம்புட்டு நேரமா? திரி நீளமா வச்சிட்ட" என்றான். நான்கு செகண்டு குறைத்தேன்.

செய்தி தெரிந்து அந்தக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். அவசரமில்லை என்றும், விரும்பினால் இந்த இசையை அண்ணனுக்கு அர்ப்பணிக்கலாம் என்றும், கேட்பவர்களுக்கு அது ஆழமான அனுபவமாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். கெட்டவர்கள் இல்லை. நன்றி என்று ஒரு வரி பதில் எழுதினேன்.

பாய் அண்ணன் ஒருநாள் வந்து, "சென்னையிலருந்து தாள் லோடு வருது. உன் வாத்தியத்த அதுல ஏத்திரவா?" என்றார். வீட்டுக்காரருக்குச் சொல்லி, ஆள் அனுப்பி, அவரே எல்லாம் செய்தார். ஹார்ப்பின் பெட்டியை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை போல. லாரியில் வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி கட்டியிருந்தார்கள். தந்திகளுக்கு இடையில் தாளைக் கொடுத்துக் கொடுத்து அடைத்து, மேலே அட்டை சுற்றி, சாக்குத் தைத்து. திருத்தங்கல் வீட்டு மாடியறையில் ஒரு மூலையில் அது ஒரு மாதம் அப்படியே நின்றது. நான் பிரிக்கவில்லை. விரல் நுனிகளில் காய்த்திருந்த தோல் உரிய ஆரம்பித்தது. ஹார்ப் வாசிக்கிறவர்களுக்கு அந்தத் தோல் முக்கியம். குளிக்கும்போது ஊறி வெள்ளையாக உரிந்து வரும். பிய்த்துப் போட்டேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதினி, "எம். புதுப்பட்டி வரைக்கும் போயிட்டு வரணும். நீயும் வா" என்றாள். அண்ணனோடு இறந்தவரின் வீட்டுக்கு. பாய் அண்ணன் காரைக் கொடுத்தார். ஒற்றை அறை வீடு, வாசலில் கயிற்றுக் கட்டில். அவர் மனைவிக்கு முப்பது வயது இருக்கலாம். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், "வாங்க" என்றாள், உள்ளே போய்க் கோரைப்பாய் எடுத்து வந்து விரித்தாள். மதினியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. மதினி கொண்டுபோன பழங்களைப் பையோடு சுவர் ஓரமாக வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்கதான் வெளிநாட்டுல வாத்தியம் வாசிக்கிறவுகளாக்கா?" என்றாள்.

"ஆமா."

"இவுக சொல்லுவாக. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, கேட்டுக்கு வெளிய மரத்தடியில மொதலாளி போன்ல போட்டுக் காட்டுவாகளாம். எந்தங்கச்சி வாசிச்சதுன்னு. இவுகளும் கேப்பாகளாம். நல்லாருக்குன்னு சொன்னாக. எனக்குத்தான் என்னன்னு தெரியாது. உங்ககிட்ட இருக்கா?"

எனக்கு அது தெரியாது. அண்ணன் என் பதிவுகளைக் கேட்பான் என்பதே தெரியாது. என் போனில் தேடி, பழைய ஒன்றை எடுத்தேன். ஹார்ப் மட்டும் தனியாக, ஆறு நிமிடம். அவள் போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டாள். வெளியே மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மதினி சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு நிமிடம் அவ்வளவு நீளமாக எனக்கு எந்த மேடையிலும் இருந்ததில்லை.

முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மள விளுற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "மள பெஞ்சா இங்கன சோலி கெடையாதுல்ல. அதான் அவுகளுக்குப் புடிச்சிருந்துச்சோ என்னமோ." அதற்கும் பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "எனக்கு ஒண்ணும் தோணலக்கா. தப்பா எடுத்துக்கிடாதீக" என்றாள்.

"எனக்குந்தான்" என்றேன். "ஒண்ணும் தோண மாட்டேங்குது."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சோகமாகவோ ஆறுதலாகவோ இல்லை. அதே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இன்னொருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "காப்பி போடட்டுமா?" என்றாள். மூன்று பேரும் குடித்தோம்.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். சாக்கைக் கத்தரியால் வெட்டினேன். அட்டையை எடுத்தேன். தந்திகளுக்குள் அடைத்திருந்த தாள் அப்படியே இருந்தது. அதை உருவாமல், நடுவில் ஒரு தந்தியைச் சுண்டினேன். ஹார்ப்பின் சத்தம் சுண்டினால் விரிந்துகொண்டே போகும். அறை முழுக்க நிற்கும். இது எழும்பி, உடனே படுத்துவிட்டது. கூடவே ஒரு சரசரப்பு. அடுத்த தந்தியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பல வாரங்களில் முதல்முறையாகக் காதில் விழுந்த ஒன்று பொய்யாக இல்லை என்று பட்டது.

எழுதியிருந்த பாதியைத் தூர வைத்தேன். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து, வெயில் ஏறி மாடி சூடாகும் பத்து மணிவரை எழுதினேன். உத்வேகம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. அடுக்களையில் காய் நறுக்குவது போலத்தான் நடந்தது. எந்தத் தாளுக்கு என்ன சத்தம் என்று பார்த்தேன். கெட்டித் தாள் சத்தத்தை முழுக்கக் கொன்றுவிட்டது. மெல்லிய தாள் இரைந்தது. திருத்தங்கலில் தெருவுக்கு ஒரு அச்சகம். லேபிள் வெட்டிய பிறகு விழுகிற ஓரத்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வழவழப்பான, விரலகலத் துண்டுகள். அதுதான் சரியாக இருந்தது. ஒரு தந்திக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று பாய் முடைவது போலக் கோத்துக்கொண்டே போவேன். மதினி படியேறி வந்து எட்டிப் பார்த்து, "இதென்ன, குப்பைய எடுத்து மாட்டிருக்க?" என்பாள். நான் அடுத்த துண்டை எடுப்பேன். தட்டில் இட்லியை வைத்துவிட்டுப் போவாள்.

மூன்று மாதத்தில் முடிந்தது. இழுப்பு ஒன்றுகூட இல்லை. மேலே ஏறுகிற எதுவும் இல்லை. அர்ப்பணிப்பும் போடவில்லை. அண்ணன் பெயரைப் போட்டால் மற்றவரின் பெயர் விடுபடும். இரண்டையும் போட்டால், தெரியாத ஊரில் தெரியாத ஜனங்கள் அந்தப் பெயர்களைத் தப்பாக உச்சரித்து வருத்தப்படுவார்கள். அதை நான் விரும்பவில்லை. நிகழ்ச்சித் தாளில் போட ஒரு குறிப்புக் கேட்டார்கள். "ஹார்ப், தந்தி வாத்தியங்கள், காகிதம்" என்று அனுப்பினேன்.

அங்கே எனக்கு ஒரு ஹார்ப் ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் லேபிள் துண்டுகளை மட்டும் பெட்டியில் எடுத்துப் போனேன். விமான நிலையச் சோதனையில் ஒரு அதிகாரி என் கைகளை ஒரு சிறு துணியால் துடைத்து மெஷினில் வைத்தார். வெடிமருந்துச் சுவடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பச்சை விளக்கு எரிந்தது. என் கையில் ஒன்றும் இல்லையாம். பெட்டியை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஒத்திகையில் குழுவை நடத்துகிற பெண், எந்த உணர்ச்சியோடு வாசிக்கவேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், எழுதியிருக்கிறபடி வாசித்தால் போதும் என்றேன். அவர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு அப்படியே வாசிக்கவைத்தார். நிகழ்ச்சியன்று நானும் அப்படித்தான் வாசித்தேன். முடிந்தது. கை தட்டினார்கள். வெளியே வரும்போது ஒரு வயதான பெண்மணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மொழி எனக்குச் சரியாகப் புரியவில்லை. அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவர் தோளுக்கு மேலாகக் கோட்டு மாட்டும் கொக்கிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது மதினி கம்பெனியை விடுவது என்று முடிவு செய்திருந்தாள். வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். பாய் அண்ணனிடம் அட்டை வாங்கி, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பெட்டி மடிக்கிற வேலையைத் தொடங்கினாள். இனிப்புக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிற பெட்டிகள். எட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எம். புதுப்பட்டியிலிருந்து அந்தப் பெண்ணும் பஸ்ஸில் வந்தாள். நான் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டேன். பதிவுக்குக் கூப்பிட்டால் மட்டும் போய்வந்தேன்.

கோடை வந்தது. எங்கள் பக்கத்துக் கோடையில் மரச்சாமான் எல்லாம் வற்றிப்போகும். தந்திகள் கோத்திருக்கிற ஹார்ப்பின் பலகை ஈரம் அறவே இல்லாமல் காய்ந்தால் பிளக்கும். அதனால் அதற்கடியில் அகலமான சட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன். ஒருமுறை சென்னையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால், சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. பலகையில், தந்திகளின் வரிசையை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. நகத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளே இறங்கியது.

மாடியிலிருந்தே கத்தினேன். "தண்ணிய யாரு கொட்டுனது?"

மதினி கொட்டகையிலிருந்து வந்தாள். "நாந்தான். சுகாதாரத்துலருந்து வந்தாக. புழு நெளியுது, டெங்கு வரும்னாக."

"என்னைய ஒரு வார்த்த கேக்க வேண்டாமா? பலகை வெடிச்சுப்போச்சு! பாரு, வெடிச்சுப்போச்சு!"

அந்த வார்த்தையை நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குள் இத்தனை மாதங்களாகச் சொல்லாமலே இருந்திருக்கிறோம். அது என் வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. மதினி படியின் நடுவில் நின்றுவிட்டாள். முகம் சிவந்துவிட்டது.

"உங்கண்ணன் போனப்ப ஒரு சத்தம் போட்டியா நீ?" என்றாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? மரக்கட்டைக்கு இம்புட்டுக் கத்து கத்துற!"

நானும் விடவில்லை. என்னென்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. அவள் அண்ணன் போனைச் சார்ஜ் போடுவதைச் சொன்னேன். அவள், நான் கச்சேரிக்கு வெளிநாடு போயிருந்த நாட்களில் தான் இந்த வீட்டில் தனியாக இருந்ததைச் சொன்னாள். கீழே பெட்டி மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். கழுத்தெல்லாம் சூடு. நெஞ்சு அடித்துக்கொண்டது. கோபம்தான். ஆனால் முழுசாக என்னுடையது. எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்கென்று வந்த முதல் உணர்ச்சி.

அவள் இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் மத்தியானம் மாடிக்கு வந்தபோது அவள் கையில் சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. குனிந்து ஹார்ப்புக்கு அடியில் வைத்தாள்.

"கல்லுப்புப் போட்டிருக்கேன். புழு வைக்காது" என்றாள். "நாலு நாளைக்கு ஒருக்க நானே மாத்துறேன்."

பிறகு அந்தக் கோட்டைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். "ரொம்பவா கெட்டுப்போச்சு?"

"தெரியல மதினி. சத்தம் கொஞ்சம் மாறும்."

சென்னையிலிருந்து வாத்தியம் சீர்செய்கிறவர் ஒருவர் வந்து பசை செலுத்தி, இறுக்கிக் கட்டி, பத்து நாள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிளவு மேலும் போகவில்லை. கீழ்த் தந்திகள் முன்னைவிடச் சற்று மங்கலாகக் கேட்கின்றன. மற்றபடி வாசிக்கலாம். விரல்களில் தோல் திரும்பக் காய்த்துவிட்டது. இப்போது ஒரு புல்லாங்குழல்காரருக்காக ஹார்ப்போடு சேர்ந்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சில நாள் காலையில் இரண்டு பக்கம் போகும். சில நாள் ஒன்றும் வராது. அப்போது கீழே போய், அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் அட்டை மடிப்பேன். எனக்குக் கோணலாக வரும். எம். புதுப்பட்டிப் பெண் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, பிரித்து, நேராக மடித்து அடுக்கில் வைப்பாள்.